அதிபர் கட்டுரையில் ஒரு வரி

முன்னாள் அதிபரின் தாயாரைக் கட்டுரையிலிருந்து நீக்கியபோது எவரும் வருத்தப்படவில்லை. "தாயார் எல்லாருக்கும்தான் உண்டு. இதில் குறிப்பிட என்ன இருக்கிறது?" என்று ஞானதுரை உரையாடல் பக்கத்தில் எழுதினார். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வரி போயிற்று. மறுநாள் காலை அந்த முன்னாள் அதிபர் செல்வின் ஜெபநேசன் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "இந்தம்மா யாரு? நம்ம வீட்டுல எதுக்கு மாட்டியிருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

தொகுப்பாளர்கள் மூவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தின் விதிகள் வாசகரைப் பற்றிப் பேசும். ஆதாரத்தைப் பற்றிப் பேசும். கட்டுரையின் நாயகர் தினமும் விடிகாலையில் அந்தக் கட்டுரையையே மூளைக்குள் ஊற்றிக்கொண்டு எழுந்திருக்கிறார் என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

பவளத்தீவுக் குடியரசின் பொதுக்களஞ்சியத்தில் மூன்று பேர் ஒத்துப்போனால் எவருடைய தலையெழுத்தையும் மாற்றி எழுதலாம். இந்த மூவரில் மூத்தவர் ஞானதுரை, ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. வீட்டில் மருமகள்கூட அவர் பேச்சைக் கேட்பதில்லை, களஞ்சியத்தில் கேட்டார்கள். அதனால் அங்கேயே குடியிருந்தார். அடுத்தவன் இளம்பரிதி, கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். ஜெபநேசன் ஆட்சியில் அவனுடைய அப்பாவுக்கு வேலை போனது. அன்றிலிருந்து அந்த மனிதரை வெறுப்பதை ஒரு வீட்டுக் கடமைபோல, தவறாமல் செய்துவந்தான். மூன்றாமவள் ஷாஹிதா. மீன்சந்தைக்குப் பின்னால் மருந்துக்கடை வைத்திருந்தாள். மூன்று ஓரகத்திகளும் இரண்டு நாத்தனார்களும் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும் இரண்டு பக்கமும் தலையாட்டும்படி ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். களஞ்சியத்திலும் அவளுக்கு அதுதான் பெயர்: ஷாஹிதா வந்தால் சண்டை தீரும்.

குடியரசு நாளன்று முதற்பக்கத்தில் வைக்க ஜெபநேசன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைச் செப்பனிடத்தான் அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் மூவரும் துறைமுக நூலகத்தின் மாடியில் கூடினார்கள். கீழேயிருந்து டீ வந்தது. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை, மூடினால் புழுக்கம். பாதி திறந்து வைத்துக்கொண்டார்கள்.

"'மக்களின் பேரன்பைப் பெற்ற தலைவர்.' இதை யார் சார் போட்டது? அவரே எந்திரிச்சு வந்து போட்டாரா?" என்றான் இளம்பரிதி.

"எடுத்தாச்சு. 'தொலைநோக்குப் பார்வை கொண்ட', 'எளிமையின் சிகரம்', எல்லாத்தையும் எடுத்தாச்சு. அடைமொழி ஒண்ணும் கிடையாது."

"அடைமொழியை எடுத்துட்டா அந்தாளுகிட்ட மிச்சம் மீசை மட்டும்தான்."

"மீசைக்குப் படம் இருக்கு. ஆதாரம் தேவையில்ல," என்றார் ஞானதுரை சிரிக்காமல்.

ஷாஹிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாட்டை எட்டாண்டு ஆண்ட மனிதரை, வாழைத்தண்டு நறுக்குவதுபோல நாரை எடுத்து நாரை எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நறுக்க நறுக்க உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிவதில் மூவருக்குமே ஒரு மகிழ்ச்சி. போட்ட சாலைகளின் நீளம், திறந்துவைத்த பாலங்கள், சென்ற வெளிநாடுகள். இவற்றுக்கெல்லாம் ஆதாரம் கொட்டிக் கிடந்தது. ஒரு பிரச்சினை மட்டும் பாக்கி. 'சர்ச்சைகள்' என்ற பகுதியில் இருந்த ஒரு வரி.

கடற்சுவரின் மேற்குப் பகுதி தாங்காது என்று எச்சரித்த பொறியாளரும் தன் மருமகனுமான ஜோயலைக் காவலில் வைக்கும் ஆணையில் ஜெபநேசன் கையெழுத்திட்டார். ஜோயல் காவலில் இறந்தார்.

"இறந்ததுக்கு ஆதாரம் இருக்கு. சுவர் உடைஞ்சதுக்கு இருக்கு. இவர் கையெழுத்து போட்டதுக்கு மட்டும் இல்ல," என்றார் ஞானதுரை. "உயிரோட இருக்கிறவரைப் பத்தி ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. விதிப்படி உடனே தூக்கணும்."

"கடலோசை பத்திரிகையில வந்துச்சே சார். கீழே அதைத்தானே மேற்கோள் காட்டியிருக்கு?"

"கடலோசை எங்கப்பா இருக்கு? போய்ப் பார்க்க முடியுமா? யாரும் சரிபார்க்க முடியாத ஆதாரம் ஆதாரமே இல்ல."

"அந்தப் பத்திரிகையை இழுத்து மூடி, பழைய இதழ் எல்லாத்தையும் அழிச்சதே இவருதான். அந்த வரி நம்ம கட்டுரையிலேயே இருக்கு, பத்துப் பதினஞ்சு ஆதாரத்தோட!"

"அப்ப அந்த வரி இருக்கட்டும். இந்த வரி போகட்டும்."

"ஆணையோட நகல்?" என்று ஷாஹிதா கேட்டாள்.

"ஆவணக் காப்பகம் மேற்குக் கரையில இருந்துச்சு. சுவர் உடைஞ்ச அன்னிக்குக் கடல் உள்ள வந்துட்டுது."

இளம்பரிதி மேசையைத் தட்டிச் சிரித்தான். "திருடன் கதவை உடைச்சான், கதவு விழுந்து சாட்சி செத்துப்போச்சு. என்ன நாடு சார் இது."

அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே வந்து நின்றவர் எழுபதை நெருங்கிய ஒரு பெண்மணி. வெளிர்நீலப் பருத்திப் புடவை, கையில் குடை. மூவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். ஒரு காலத்தில் எல்லா அஞ்சல்தலையிலும் கணவர் ஜெபநேசன் பக்கத்தில் அரை முகமாகத் தெரிந்தவர். ஞானதுரை தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க மூணு பேருதானா?" என்றார் மேபல் அம்மா. "நான் என்னமோ பெரிய ஆபீஸ் இருக்கும், ஏசி இருக்கும்னு நெனச்சு வந்தேன்."

ஷாஹிதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ வேண்டுமா என்று கேட்டாள். மேபல் அம்மா தம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையசைத்தார்.

"அந்த வரியை எடுக்கப்போறியளாம். உங்க பேச்சுப் பக்கத்துல படிச்சேன். எடுக்காதீய."

ஞானதுரை தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க சார்புடையவர். குடும்பத்தைச் சேர்ந்தவங்க கட்டுரையில தலையிடக் கூடாது. கருத்தை எழுத்தில—"

"தலையிட வரல. கேட்க வந்தேன். கேட்கிறதுக்கும் விதி இருக்கா?"

இளம்பரிதி குழம்பிப்போயிருந்தான். "புரியலையேம்மா. அது அவருக்கு எதிரான வரி. நீங்க எடுக்கச் சொல்லித்தானே வரணும்?"

மேபல் அம்மா குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாடம் வராத பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அவுகளுக்குக் காதுக்குப் பின்னால நினைவுமணி வச்சிருக்கு. மறதி நோய் வந்த எல்லாருக்கும் வைக்கிறதுதான். உங்க வீட்டுல யாருக்காச்சும் வச்சா, அதுல என்ன ஏத்தணும்னு வீட்டு மனுஷங்க எழுதிக் குடுக்கலாம். பதவியில இருந்தவங்களுக்கு அப்படி இல்ல. களஞ்சியத்துல என்ன இருக்கோ அது மட்டுந்தான் விடியும்போது ஏறும்."

"சட்டம் சரியான சட்டம்தாம்மா," என்றார் ஞானதுரை. "ஒரு முன்னாள் அமைச்சருக்கு அவர் பிள்ளைங்க, அப்பா ஒரு சென்ட் நிலம் கூட அபகரிக்கலன்னு எழுதி ஏத்திட்டாங்க. விசாரணையில அவர் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாரு."

"பொய்யும் சொல்லல, பாவம்," என்றான் இளம்பரிதி. "அவருக்கு நிஜமாவே தெரியாது."

"அந்தச் சட்டத்தை நான் குத்தம் சொல்லல. போன மாசம் எவனோ உங்க கட்டுரையில புகுந்து 'பொருளாதார வல்லுநர்'ங்கிறதை அழிச்சுட்டுப் 'பரோட்டா மாஸ்டர்'னு போட்டுட்டான். நீங்க சாயங்காலமே சரி பண்ணிட்டீய. ஆனா அன்னிக்கு விடியும்போது ஏறிப்போச்சு. எந்திரிச்சதும் மைதா மாவு எங்கன்னு கேட்டாக. எங்களுக்குக் கல்யாணமாகி அன்னிக்கு ஒரு நாள்தான் அவுக வீட்டுக்கு உபயோகமா ஒரு வேலை செஞ்சது. பரோட்டா நல்லாவே இருந்துச்சு."

மூவரும் சிரிக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேபல் அம்மா சிரிக்கவில்லை.

"ஆறு மாசத்துக்கு முந்தி யாரோ அந்த வரியைச் சேர்த்தாக. சேர்த்த மறுநாள் காலையில கட்டில்ல உக்காந்து அழுதாக. 'மேபல், நான்தான் ஜோயல உள்ள தள்ளுனேன். நான்தான் கையெழுத்து போட்டேன்'னு. அவுகளே தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை அது. மூளை நல்லா இருந்த இத்தனை வருஷத்துல ஒரு நாள் அந்தப் பேரை எடுத்ததில்ல. சாப்பாட்டுத் தட்டு முன்னால நான் எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாக. இப்ப தினமும் காலையில புதுசா தெரியவருது. தினமும் புதுசா அழுறாக."

"நல்லா அழட்டும்," என்றான் இளம்பரிதி. "அதுக்காகவே அந்த வரி இருக்கணும்கிறேன் நான்."

மேபல் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் அவுக மாதிரிதான் இருக்க தம்பி. அவுகளும் சரியான காரியத்தைக் கூட எவனையாவது நோகடிக்கத்தான் செய்வாக."

இளம்பரிதி டீயைக் கையில் எடுத்தான். குடிக்காமல் மறுபடியும் கீழே வைத்தான்.

"எம்மவ ஷீபா, புருஷன் செத்த அன்னிக்கு வீட்டை விட்டுப் போனவதான். நான் செத்தாத்தான் வருவாளோன்னு இருந்தேன். அப்பா இப்படிச் சொல்லி அழுதாருன்னு சொன்னேன். நம்பல. 'அவரு என் மூஞ்சியப் பார்த்து, நான் போட்டேன்னு ஒரு தடவை சொல்லட்டும். வாரேன்'னா. வர்ற வெள்ளிக்கிழமை படகுக்கு வாரா. அதுவரைக்கும் அந்த வரி இருக்கணும். அதுக்குப் பிறகு நீங்க என்ன கூத்து வேணாலும் அடிச்சுக்கோங்க."

"நீங்களே அவர்கிட்டச் சொல்லலாமே அம்மா?" என்றாள் ஷாஹிதா.

"சொல்லிப் பார்க்காமலா இருப்பேன்? அவுக அம்மாவை நீங்க எடுத்த பிறகு, இது உங்க அம்மான்னு படத்தைக் காட்டிச் சொன்னேன். 'கட்டுரையில இல்லையே மேபல்'ங்காக. நம்புனாலும் மறுநாள் விடிஞ்சா போயிருது."

ஞானதுரைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்காக விதியை மீறினால் அப்புறம் விதி எதற்கு என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையால் பணிக்காலத்தில் எத்தனையோ விதவைகளின் ஓய்வூதியம் நின்றிருக்கிறது. அவர் தூக்கமும் கெட்டதில்லை.

"ஆதாரம் வேணும்மா. வேற ஒண்ணும் இல்ல."

"நான் ஆதாரம். அவுக கையெழுத்து போடும்போது பக்கத்துல நின்னேன். பேனாவை எடுத்துக் குடுத்தவளே நான்தான். என்ன காகிதம்னு தெரியாம குடுத்தேன்."

"அதை சொந்த ஆய்வுன்னு சொல்வோம். வெளியான நூல்லயோ பத்திரிகையிலயோ இல்லாத, ஒருத்தர் தானே கண்டறிஞ்ச விஷயம். களஞ்சியத்தில ஏத்துக்க முடியாது."

"கூடவே கிடந்து குடும்பம் நடத்துனது சொந்த ஆய்வா?"

"விதிப்படி, ஆமாம்."

"அப்ப அந்த ஆய்வுல எனக்கு ஒண்ணும் தேறல, எழுதிக்கோங்க."

இளம்பரிதி வேறொரு வழி சொன்னான். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை ஆதாரமாக ஏற்கலாமே? ஜெபநேசன் அழுதுகொண்டு சொல்வதைப் பதிவு செய்து போட்டுவிட்டால்? ஞானதுரை கையெடுத்துக் கும்பிட்டார். "அவருக்கு அது எப்படித் தெரியும்? நம்ம கட்டுரையைப் படிச்சு. நம்ம கட்டுரைக்கு எப்படித் தெரியும்? அவரைக் கேட்டு. கடன் வாங்கினவனே ஜாமீன் கையெழுத்துப் போடுறானா? முப்பது வருஷம் இதைப் பிடிக்கிறதுதான் என் வேலை."

"விதியைக் கட்டிக்கிட்டு அழுங்க!"

"நீ உங்கப்பா வேலையைக் கட்டிக்கிட்டு அழு!"

சத்தம் கீழே கேட்டு நூலகர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேபல் அம்மா, சந்தையில் இரண்டு பேர் ஒரே நெத்திலிக் கூடைக்கு அடித்துக்கொள்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஹிதாவுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. இந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஞானதுரை சாரும் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது. வீட்டில் எத்தனை பாகப் பிரிவினைகளைப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் அடித்தாள், கொஞ்சம் அழித்தாள். பிறகு வாசித்தாள். "'ஜோயலைக் காவலில் வைக்கும் ஆணையில் ஜெபநேசனே கையெழுத்திட்டதாகச் சிலர் கூறுகின்றனர். இது உறுதிசெய்யப்படவில்லை. ஜோயல் காவலில் இறந்தார்.' சிலர் சொல்றாங்கங்கிறது உண்மைதானே சார்? இதோ, இந்தம்மாவே சொல்றாங்க."

ஞானதுரை யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடுநிலையா இருக்கு. இதை ஏத்துக்கலாம்."

"பெயராவது இருக்கே," என்றான் இளம்பரிதி. அவனுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"அப்ப வரி இருக்கும்?" என்று மேபல் அம்மா கேட்டார்.

"இருக்கும்மா."

மேபல் அம்மா எழுந்தார். மற்ற இருவரையும் பார்க்காமல் ஷாஹிதாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். "நீதான் மனுஷி. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வா. சீலா மீன் வாங்கிக் குழம்பு வைக்கேன். எம்மவளையும் பார்க்கலாம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஷாஹிதா தனக்குத்தானே சிரித்துக்கொண்டே நடந்தாள். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டோம் என்ற நிறைவு.

வெள்ளிக்கிழமை அவள் குன்றுமேல் இருந்த அந்த அரசு பங்களாவுக்குப் போனபோது ஷீபா வந்து சேர்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நாற்பதைத் தாண்டிய வயது. முன்தலை நரைத்திருந்தது. பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் வாசல் பக்கமே வைத்திருந்தாள். கூடத்தில் ஜெபநேசன் வெள்ளைச் சட்டையில், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்த பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். அவரைக் கவனிக்க அரசு அமர்த்திய பணியாளர் பின்னால் நின்றார்.

"இவங்கதான் நான் சொன்ன ஷாஹிதா. உங்கப்பாவை எழுதுறவங்க," என்று மேபல் அம்மா அறிமுகம் செய்தார்.

ஷீபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓ. இப்ப எங்கப்பா நீங்கதானா?"

ஷாஹிதா சிரித்து வைத்தாள். மேபல் அம்மா கணவரின் தோளைத் தொட்டார்.

"ஷீபா வந்திருக்கா. அவகிட்ட நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

ஜெபநேசன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். முகத்தில் களங்கமில்லாத ஒரு கனிவு. கண்ணில் ஈரம் இல்லை.

"வாம்மா. ஜோயல் விஷயம் ரொம்ப வருத்தமானது. காவல்ல இறந்துட்டார். அதுக்கு ஆதாரம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஆணையில நான்தான் கையெழுத்து போட்டேன்னு சிலர் சொல்றாங்க."



"சிலர் சொல்றது இருக்கட்டும். நீங்க போட்டீங்களா?" என்றாள் ஷீபா.

அவர் நெற்றியைச் சுருக்கித் தன்னுள்ளே தேடினார். நிஜமாகவே தேடினார்; ஷாஹிதாவால் அதைப் பார்க்க முடிந்தது. இருட்டறையில் கைவிட்டுத் துழாவுகிறவர் போல, அங்கே வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதையே மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அது உறுதிசெய்யப்படல."

"அப்பா. என்னைப் பாருங்க. போட்டீங்களா, இல்லையா?"

"உறுதிசெய்யப்படாததைப் பத்தி நான் எப்படிம்மா கருத்து சொல்ல முடியும்?" என்றார் ஜெபநேசன் அன்பாக.

ஷாஹிதாவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. நூலக மாடியில் டீ ஆறிக்கொண்டிருக்க, இரண்டு ஆண்களின் சண்டையைத் தீர்க்க அவள் அடித்தது. இத்தனை மாதமாக அழுதுகொண்டிருந்த மனிதரின் கண்களை அவள் ஒரே வரியில் துடைத்துவிட்டிருந்தாள்.

மேபல் அம்மா அவள் பக்கம் திரும்பினார். "இருக்கும்னு சொன்னியே."

"இருக்குதும்மா. ஆனா... எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு..."

"புத்தி போன மனுஷனுக்கு நேரா ஒரு வார்த்தை போட உங்களுக்கு வக்கில்ல. அஞ்சாறு நாளா அழாம இருக்காகளேன்னு நானும் பார்த்தேன். அழுது அழுது ஓய்ஞ்சுட்டாகன்னு நெனச்சேன். நான் ஒரு மடச்சி."

ஷீபா சிரித்தாள். சிரிப்பு வந்ததில் அவளுக்கே வியப்பு. "விடுங்கம்மா, அவங்களை ஏன் திட்டுறீங்க? ஜோயல் செத்த வாரம் சபையில எதிர்க்கட்சிக்காரர் கேட்டப்ப அப்பா என்ன சொன்னார்? சிலர் சொல்றாங்க, உறுதியாகல. இதே வார்த்தை. நான் பார்வையாளர் வரிசையில உக்காந்து கேட்டேன். அப்ப எந்த மணியும் காதுல இல்ல. இவங்க ஒண்ணும் தப்பா எழுதலம்மா. அச்சு அசல் எங்கப்பாவைத்தான் எழுதியிருக்காங்க."

"அந்தச் சபைக் குறிப்பு கிடைச்சா ஆதாரமா வைக்கலாம்," என்று ஷாஹிதாவின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷீபா அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "மூணு மணிக்குத் திரும்புற படகு இருக்கு. நான் கிளம்புறேன்மா."

"நில்லு," என்றார் மேபல் அம்மா.

அவர் சமையலறைக்குள் போனார். தட்டுச் சத்தம் கேட்டது. சோறும் குழம்பும் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். முள்ளெடுத்து, மீனை உதிர்த்து, ஓரமாக ஒதுக்கி வைத்தார். ஜெபநேசன் ஒரு வாய் சாப்பிட்டு முகம் மலர்ந்தார்.

"குழம்பு பிரமாதம். யாரு வச்சது?"

"நான் வச்சதா சிலர் சொல்றாங்க," என்றார் மேபல் அம்மா.

அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு அடுத்த கவளத்தை உருட்டினார். மேபல் அம்மா அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். மறுசோறு கேட்டபோது போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு பை. பணியாளரிடம், ராத்திரி மாத்திரையை மோரோடு கொடுக்கக் கூடாது, வெந்நீரோடுதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். கூடத்தில் மாட்டியிருந்த மாமியார் படத்தைக் கழற்றிப் பைக்குள் சொருகினார். அது யார் என்று சொல்ல இனி அந்த வீட்டில் ஆளில்லை.

ஷீபா அம்மாவின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

ஷாஹிதா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் அவர்களுக்குப் பின்னால், வாசலில் நின்ற காரை நோக்கி ஓடினாள்.

"அம்மா! நான் மாத்திடுறேன். இன்னிக்கே நேரா எழுதிடுறேன். சார் என்னை விலக்கி வச்சாலும் பரவாயில்ல."

"எழுது. ஊருக்குத் தெரியணும், எழுது. எனக்காக எழுத வேண்டாம்." மேபல் அம்மா கார்க் கதவைத் திறந்தார். "இனிமே அவுக அழுதாலும் அது உன் அழுகை. அவுகளது இல்ல. அதைப் பார்க்க நான் எதுக்கு?"

"நீங்க இல்லாம... காலையில எந்திரிச்சதும் உங்களைத் தேடுவாரேம்மா."

மேபல் அம்மா ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி நின்றார். "என்னைப் பத்திக் கட்டுரையில என்ன போட்டிருக்கு?"

ஷாஹிதாவுக்கு அந்தக் கட்டுரை மனப்பாடம். இருந்தாலும் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லு."

"'மேபல் என்பவரை மணந்தார்.'"

"வேற?"

"வேற... ஒண்ணும் இல்லம்மா."

மேபல் அம்மா உள்ளே உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதைத் தொடாத. நல்லா இருந்த காலத்துலயும் என்னைப் பத்தி அவுகளுக்கு அவ்வளவுதான் தெரியும்."